மணல் குழியில் ஒரு வளரறி மதிப்பீடு

“ஒன்பதாங்கிளாஸ் பி.டி. பீரியடை எனக்கே குடுத்துடுங்க சார். புள்ளைங்க அல்ஜீப்ராவுல ரொம்ப வீக்” என்று தலைமையாசிரியரிடம் கேட்டார் கணக்கு டீச்சர் கங்கா.

பக்கத்தில் நின்ற உடற்கல்வி ஆசிரியர் ஸ்ரீதருக்கு வயிறு எரிந்தது. அந்த ஒரகடத்துப் பள்ளியில் வருஷா வருஷம் இதே கதைதான்.

தலைமையாசிரியர் தீர்ப்புச் சொன்னார். “இன்னிக்கு வளரறி மதிப்பீடு, அதான் புள்ளைங்க தப்பைத் திருத்தித் திருத்தி எப்டி வளர்றாங்கன்னு பார்க்க ஆபீசர் வர்றாரு. புள்ளைங்க முன்னேறுறது அவருக்குத் தெரிஞ்சா பீரியடு ஸ்ரீதருக்கு. இல்லன்னா டீச்சருக்கு.”

மாணவர்களே ஒருவரையொருவர் மதிப்பிடலாம் என்று சர்க்குலரில் இருந்தது. ஸ்ரீதர் அந்தப் பொறுப்பைப் பிரவீனாவிடம் கொடுத்தார். அவள் அம்மாவுக்கு கார் பார்ட்ஸ் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங் வேலை. மதிப்பீடு என்றால் மகளுக்கும் அது ஒன்றுதான் தெரியும்.

“ரிஜெக்ட். ஓரமா போய் நில்லு. நீயும் ரிஜெக்ட்.”

கொஞ்ச நேரத்தில் மைதானம் காலி. மொத்த வகுப்பும் சைக்கிள் ஷெட்டில் நின்றது.

“யாரையாவது பாஸ் பண்ணும்மா!”

“டேமேஜை எப்டி சார் பாஸ் பண்றது? கஸ்டமர் திருப்பி அனுப்பிடுவான்.”

அவளையும் ஷெட்டுக்கு அனுப்பிவிட்டு ஸ்ரீதர் குறுக்குவழியில் இறங்கினார். நீளம் தாண்டுவதில் கெட்டிக்காரனான மாரியைக் கூப்பிட்டார்.

“மொதல்ல கம்மியா தாண்டு. நான் ஒரு யோசனை சொல்வேன். அப்புறம் நல்லா தாண்டு.”

“இன்னா சார், வேணும்னே சொதப்பணுமா?”

ஆபீசர் ராஜசேகர் வந்து உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் மாரிக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டது. ஓடி வந்து தாவியவன் மணல் குழியின் கடைசியில் போய் விழுந்தான். இனி முன்னேற இடமே இல்லை. பீரியடு போச்சு என்று ஸ்ரீதர் இடிந்துபோனார்.

“ரிஜெக்ட்!” பிரவீனா ஷெட்டிலிருந்து ஓடி வந்தாள். “கோட்டை மிதிச்சிட்டான் சார். டேய், ஒரு அடி பின்னால இருந்து ஓடி வா. ரீவொர்க்!”

மாரி அப்படியே செய்தான். இந்த முறை கால் கோட்டில் படவே இல்லை.

ஆபீசர் எழுந்து கைதட்டினார். “பிள்ளையே தப்பைக் கண்டுபிடிச்சு, பிள்ளையே திருத்துது! இதான்யா வளரறி மதிப்பீடு! ஸ்ரீதர், நாளையிலேர்ந்து வருஷம் பூரா நீங்க ஸ்கூல் ஸ்கூலா போய் ட்ரெயினிங் குடுக்கறீங்க.”

ஸ்ரீதருக்குத் தலைகால் புரியவில்லை. நேராகக் கங்கா டீச்சரிடம் போய் வெற்றிச் சிரிப்புச் சிரித்தார். சாக்பீஸ் டப்பாவோடு நின்ற டீச்சரும் சிரித்தார்.

“வாழ்த்துகள் சார். ட்ரெயினிங்குக்கு உங்களை விட்டா ஆளே இல்லன்னு ஆபீசருக்கு டீ குடுக்கும்போதே நான்தான் சொல்லி வெச்சேன். நீங்க கவலைப்படாம போய்ட்டு வாங்க, உங்க பீரியடை நான் பாத்துக்கறேன்.”