இழுத்துப்பார் சார்

திருச்சி ஜில்லாவில் தொங்கும் எந்தப் பூட்டையும் இழுத்துப்பார் சார் நம்பியதில்லை. தன் கையால் பூட்டியதை அறவே நம்பியதில்லை. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அது ஆபீஸ் வருகைப் பதிவேட்டில் மட்டும் வசித்து வந்தது.

இப்போது அவர் கனடாவில், மகள் வீட்டில். போய் இரண்டு வருஷமாகிறது. ஞாயிறு காலைகளில் நான் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போய், சித்திரை வீதியில் அவர் வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்து, “பூட்டு கையோட வரலை சார்” என்று செய்தி அனுப்புகிறேன். “பாஸ்” என்று பதில் வரும். நீங்கள் எப்போது வருகிறீர்கள் என்று மட்டும் நான் கேட்டதில்லை. பதில் தெரிந்துவிடுமோ என்று பயம்.

திருவானைக்காவலில் ஒரு மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். அரியமங்கலம் பட்டறை மெஷின்களுக்குக் கம்ப்யூட்டர் மூளை செய்து கொடுத்தோம். அந்த மூளையின் அடிமடியில் இருந்து எல்லாவற்றையும் நடத்தும் கெர்னல் என்ற புரோகிராம் அவர் பொறுப்பு. யாரும் படிக்காத கையேடுகளை எழுதுவது என் பொறுப்பு. படிக்காமல் போய்விடுவார்கள் என்ற தைரியத்தில்தான் அவரிடம் விளக்கம் கேட்டேன்.

“ரைட்டர் சார், கெர்னல் தன்னோட மெமரியில சில பக்கத்தைப் பூட்டி வச்சுக்கும். படிக்கலாம், எழுதக் கூடாது. பூட்டினாப் போதுமா? இழுத்துப் பாக்க வேணாமா? அதனால மெஷின் எழுந்திருக்கும்போதே தானே திருடனாட்டம் போயி அங்க எழுதிப் பாக்கும். முடியலைன்னா பூட்டு நல்ல பூட்டு.”

“எழுதிட்டா?”

“எழுதிட்டா நம்ம பொழப்பு சிரிப்பாச் சிரிக்கும்.”

இதைவிட முரட்டு சோதனைகளும் வைத்திருந்தார். அவற்றில் கெர்னல் திருடனைக் கண்டதும் உயிரையே விட்டுவிட வேண்டும். தொட்டியத்திலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண்ணை முதல் நாளே அழைத்து ஒரு கட்டளையைத் தட்டச் சொன்னார். தட்டினாள். திரை முழுக்கக் கிறுக்கெழுத்து ஓடி, மெஷின் மண்டையைப் போட்டது.

“சார், நான் ஒண்ணுமே பண்ணலை சார்!” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“செத்துருச்சா? சபாஷ்! இன்னொரு வாட்டி கொல்லும்மா!” என்று குதித்தார் மனிதர்.

அவள் மாடிப்படிக்குப் போய்க் கைபேசியில் கிசுகிசுத்தாள். “அப்பா, இங்க எல்லாரும் ஒரு மாதிரியா இருக்காங்க.” எல்லாரும் என்றதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

சாயங்காலம் ஆபீஸைப் பூட்டி மூன்று தரம் இழுப்பார். படியிறங்கியதும் சந்தேகம் வரும். மறுபடி ஏறுவார். அதற்குள் பஸ் போய்விடும். பஸ் ஸ்டாப்பில் சும்மா நிற்பாரா? நிறுத்தியிருக்கும் ஸ்கூட்டர்களின் ஹேண்டிலை ஆட்டிப் பார்ப்பார். ஒருநாள் ஒன்று பூட்டாமலிருந்து அவர் கையோடு வந்துவிட்டது. சொந்தக்காரர் சட்டைக் காலரைப் பிடித்தார். “உங்க நல்லதுக்குத்தாங்க இழுத்தேன்” என்றதை அந்த ஆள் நம்பவில்லை. நான் போய்ச் சிபாரிசு செய்ததும் என்னையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் காலை அவருடைய சோதனை முதன்முறையாகத் தோற்றது. பூட்டிய பக்கத்தில் திருடன் சாவகாசமாக எழுதிவிட்டு வந்திருந்தான். இழுத்துப்பார் சார் மதியச் சாப்பாட்டைத் தொடாமல் காரணம் தேடினார். நாலு மணிக்கு என் மேஜைக்கு வந்தார்.

“ரைட்டர் சார், அந்த மெஷினைத் தொட்டீங்களா?”

தொட்டிருந்தேன். கையேட்டுக்குப் படம் எடுக்கும்போதெல்லாம் அது சண்டித்தனம் செய்ததால், எங்கோ படித்த ஒரு வார்த்தையை, மெஷின் எழுந்திருக்கும்போது படிக்கும் வரியில் சேர்த்து அந்தப் பூட்டுப் பாதுகாப்பை நிறுத்தினேன். திரும்பப் போட மறந்துவிட்டேன். என் வேலை போயிற்று என்று நினைத்தபடி ஒப்புக்கொண்டேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“ரொம்ப தேங்க்ஸ்ங்க. இத்தனை வருஷமா பாஸ், பாஸ்னே வந்துட்டிருந்துச்சு. என் திருடன் நெஜமாவே இழுக்கிறானா, இல்ல சும்மா போயிட்டு வரானான்னு எனக்கே சந்தேகம். இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

என் உருப்படாத்தனத்துக்கு நன்றி சொன்ன ஒரே மனிதர்.

போன வாரம் அவர் மகள் போனில் பேசினாள். “அங்கிள், ஸ்ரீரங்கம் வீட்டை வித்துடலாம்னு நீங்க சொல்லுங்களேன். நீங்க சொன்னா அப்பா கேப்பார்.” அவள் கேட்டதில் தப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை பூட்டுக்கு எதிரே நின்றுகொண்டே அவரை அழைத்தேன்.

“சார், வீட்டை வித்துடலாமா?”

கனடாவிலிருந்து மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

“என்ன ரைட்டர் சார், என்னை இழுத்துப் பாக்கறீங்களா?”

“ஆமா சார்.”

“வந்துச்சா?”

“வரலை சார்.”

“பாஸ்னு எழுதிக்குங்க.”

வைத்துவிட்டார். பூட்டை இன்னொரு தரம் இழுத்தேன். இரும்பு கெட்டியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பாஸ், பாஸ் என்றே வந்துகொண்டிருந்தால் எனக்கும் சந்தேகம் வராதா? ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை, சார் கனடாவிலிருந்து வந்து கதவைத் திறந்துவைத்திருக்க, நான் கை நீட்டும்போது இழுத்துப் பார்க்க அங்கே பூட்டே இருக்கக் கூடாது.