தூய்மை அறையில் நடந்த பூசை தொடர்பாக

துறைமுகக் கோயிலின் தலைமைப் பூசகரும் என் மனைவி ஃபுமியேயின் அண்ணனுமான மதிப்புக்குரிய ஷியோமி தொகினாகா அவர்களுக்கு,

சூரியனை ஆராயும் விண்தொலைநோக்கியின் தூய்மைக் கட்டுப்பாட்டு அலுவலர் குசாகபே மசாசுமி ஆகிய நான், சென்ற செவ்வாயன்று எங்கள் தூய்மை அறையில் படிந்த எண்ணெய்ப் படலத்துக்குத் தாங்களே பொறுப்பு என்பதை எழுத்தில் ஒப்புக்கொள்ளுமாறு கோரி இக்கடிதத்தை எழுதுகிறேன். மழைக்காலம் விடைபெற்று, மலைச்சரிவில் சில்வண்டுகள் கத்தத் தொடங்கியிருக்கும் இவ்வேளையில் தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமென நம்புகிறேன். கோரிக்கையை முன்னாலும் நலம் விசாரிப்பைப் பின்னாலும் வைத்தது மரபுக்கு மாறானது என்பதை அறிவேன். அவசரம் அப்படி.

தொலைநோக்கியின் பக்கத்தில் சாட்சிக் கண்ணாடி என்று ஒரு சிறிய கண்ணாடியை வைத்திருப்போம். பெரிய கண்ணாடி உறைக்குள் மூடிக்கிடக்க, இது மட்டும் திறந்த முகத்தோடு, அறையின் காற்றில் வருவதையெல்லாம் வாங்கிக்கொள்ளும். பூசையன்று காலை புதிதாக வைத்த அதை மாலையில் எடுத்துச் சோதித்தால், மேலே எண்ணெய். நம் கண்ணுக்குத் தெரியாது, சூரியனுக்குத் தெரியும். பெரிய கண்ணாடியில் இதே எண்ணெய் ஒட்டினால், விண்வெளி வெயில் அதை வறுத்துப் பழுப்பேற்றி, அடிப்பிடித்த வாணலி வழியாகச் சூரியனைப் பார்க்கும் கதிக்கு எங்களைக் கொண்டுபோய்விடும். எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை உறையைத் திறக்கக் கூடாது என்பது இயக்குநரின் உத்தரவு. உறையைத் திறக்காமல் கடைசிப் பொருத்துவேலை இல்லை. அது முடியாமல் ஏவுதல் இல்லை. மீனவர் சங்கம் எங்களுக்காகக் கடலை ஒதுக்கிக் கொடுத்த நாட்களோ இம்மாதத்தோடு முடிகின்றன. பிறகு சூரைமீன் பருவம்; படகுகள் இறங்கிவிடும். சூரை மீனைவிடச் சூரியன் பெரியது என்று அந்தச் சங்கத்தில் எழுந்து சொல்ல எனக்குத் துணிவில்லை.

நான் பூசைக்கு எதிரியல்லன். ஏவுதலுக்கு முன் பூசை செய்வது வழக்கம்; வழக்கமும் ஒருவகை விதியே. ஆனால் எங்கள் அறைக்குள் பென்சிலுக்கே அனுமதி கிடையாது. ஆகவே அரிசி, உப்பு, சாகே எனும் அரிசி மது, இலைக்கொத்து ஆகியவை நடைவழி மேசையிலேயே நிற்க வேண்டும் என்றும், தாங்கள் வீசித் தூய்மைப்படுத்தும் காகிதக் கோல் மட்டும் நார் உதிராத தாளில் செய்யப்பட வேண்டும் என்றும் முன்னரே தெரிவித்தேன். அந்தத் தாளை நானே அளவெடுத்து, மின்னல் வடிவில் மடித்துக் கொடுத்தேன். தாங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மாப்ளே, இடப்பக்கம் மடிச்சு வச்சிருக்கீங்க. இதை வீசினா தீட்டு போகாது, விலாசம் கேட்டுக்கிட்டு வந்து சேரும்" என்றீர்கள். இளம் பொறியாளர்கள் சிரித்தார்கள். நான் மறுபடி மடித்தேன்.

அடுத்து அந்தக் கறுப்புத் தொப்பி. கழற்றச் சொன்னேன். "கழட்டினா சாமி முன்னாடி அம்மணமா நிக்கிற மாதிரி" என்றீர்கள். எங்கள் தலையுறை எதுவும் அதன்மேல் நுழையவில்லை. இக்கட்டடத்திலேயே பெரிய தலை என்னுடையது என்பதால், காலையில் அணிந்து சோதனைக்குப் போய்வந்த என் சொந்தத் தலையுறையைக் கழற்றித் தந்தேன். அதுவும் உட்புறத்தை வெளியே திருப்பி இழுத்தபோதுதான் ஏறியது. இருபுறமும் ஒரே தூய்மைதான் என்று நானே அனுமதித்தேன். "எப்படி இருக்கேன்?" என்று கேட்டீர்கள். "பெரிய கணவாய் மீன் மாதிரி, ஐயா" என்றார் பொறியாளர் நெகிஷி. அத்தோடு விட்டீர்களா? தலையுறை இல்லாத என் தலையைப் பார்த்து, அத்தனை பேர் முன்னிலையில், "அடடே, முன்னாடி முளைச்சிருக்கே மாப்ளே! வருஷப் பிறப்புக்கு நான் குடுத்த எண்ணெய் வேலை செய்யுது பாருங்க!" என்று கூவினீர்கள். இதற்கு இங்கே திட்டவட்டமாக மறுப்புத் தெரிவிக்கிறேன். அந்தப் புட்டியை நான் தொட்டதே இல்லை. அலுவலகம் வழங்கும் மணமற்ற சோப்புத் திரவத்தைத் தவிர என் தலையில் எதுவும் பட்டதில்லை. கைக்குக் களிம்பு பூசி வந்த குற்றத்துக்காக இதே நெகிஷியைத் திரும்பத் திரும்பக் கழுவவைத்து, கடைசியில் வீட்டுக்கே அனுப்பியவன் நான்.

கடைசியாக, அறை வாசலில் தாங்கள் என்னை நிறுத்தினீர்கள்.

"வீட்டுல சாவு ஏதாச்சும்?"

"சித்தப்பா. போன வாரம்."

"அப்ப நீங்க உள்ள வரக் கூடாது. தீட்டு."

"மச்சான், இந்த அறைக்கு நான்தான் தூய்மை அலுவலர்!"

"அதனாலதான் சொல்றேன். தீட்டோட தூய்மை அலுவலர் எதுக்கு?"

எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டேன். தாங்கள் அச்சிட்ட கையேட்டை எடுத்துக் காட்டினீர்கள். சித்தப்பாவுக்கு இருபது நாள் என்று தெளிவாகவே இருந்தது. விதி என்றால் விதி. அறைக்குள் தடை செய்யப்பட்ட அரிசி, உப்பு, சாகே, இலைக்கொத்து ஆகியவற்றோடு நானும் நடைவழியில் நின்று, கண்ணாடிச் சுவர் வழியாகப் பூசையைப் பார்த்தேன். தாங்கள் சாட்சிக் கண்ணாடியின் முகத்தருகே குனிந்து குனிந்து வணங்கியதையும் பார்த்தேன். வெளியே வந்ததும், "சூரிய தேவி குகைக்குள்ள ஒளிஞ்சப்ப வெளியே வரவச்சது ஒரு கண்ணாடிதான். நீங்களும் அவளுக்குக் கண்ணாடிதானே காட்டப் போறீங்க? அழுக்கா காட்டிடாதீங்க, திரும்ப உள்ள போயிடுவா" என்று எனக்கே புத்தி சொன்னீர்கள்.

ஆக, அன்று கண்ணாடியை நெருங்கிய வெளியாள் தாங்கள் ஒருவரே. நானோ தங்கள் உத்தரவாலேயே வெளியில் நின்றவன். எனவே எண்ணெய் தங்கள் அங்கியிலிருந்தோ தொப்பியிலிருந்தோ மூச்சிலிருந்தோ வந்ததாகக் கையொப்பமிட்டு அனுப்புக. நாளை இயக்குநரிடம் கொடுக்க வேண்டும். இல்லையேல் இவ்வாண்டுத் திருவிழாவில் பல்லக்குத் தூக்க என் தோள் வராது.

தங்கள் குடும்பத்தார்க்கும், கோயில் பூனைக்கும், படகுகளுக்கும் குறையொன்றும் வராதிருக்கட்டும்.

பணிவுடன்,
குசாகபே மசாசுமி

பின்குறிப்பு: கடித உறையை ஒட்டும் நேரத்தில் நெகிஷி ஆய்வக முடிவோடு வீட்டுக்கே வந்துவிட்டார். படலம், தலைமுடிக்குத் தேய்க்கும் கமேலியா எண்ணெய். தங்கள் அங்கியில் இல்லை, தொப்பியில் இல்லை, தலையுறையில் இருந்திருக்கிறது. "சார், அதோட உள்பக்கத்துல…" என்று தொடங்கி, என் நெற்றியைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வாற்கோதுமைத் தேநீர் கொண்டுவந்த ஃபுமியே தட்டோடு நின்றாள். "அந்த மணமில்லாத சோப்பு பாட்டில்ல அண்ணன் குடுத்த எண்ணெய நான்தான் கலந்து வச்சேன். வருஷப் பிறப்புலேருந்து. நீங்கதான் மேல ஒட்டியிருக்கறதப் படிச்சுட்டு நிம்மதியா தேய்ச்சுக்குவீங்களே" என்றாள். நான் நெற்றி மேட்டைத் தடவிப் பார்த்தேன். பிறகு நெகிஷி மெல்லச் சொன்னார்: "ஆனா முளைச்சிருக்கு, சார்."

கடிதத்தைக் கிழித்திருப்பேன். ஆனால் இதற்குப் பதிவு எண் இட்டாயிற்று. பதிவு செய்த கடிதத்தை அழிக்க விதி இடம் தரவில்லை. ஆகவே மேற்கண்ட கோரிக்கை முழுவதையும் திரும்பப் பெறுகிறேன். எண்ணெயின் பிறப்பிடம் தெரிந்துவிட்டதால் உறையைத் திறக்கலாம். சூரை மீனுக்கு முன் சூரியனுக்குப் புறப்பட்டுவிடலாம். நாளைக் காலை முடிதிருத்தகம் திறந்ததும், புதிதாக முளைத்தது உட்பட, தலையை முழுவதுமாக மழித்துக்கொள்வேன். அந்தத் தலையோடு இயக்குநர் முன் போய் நின்று, எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று சுட்டிக்காட்டுவேன். நெகிஷியிடம் மன்னிப்புக் கேட்பேன். சித்தப்பாவின் தீட்டுக் கழிந்த அன்று தங்கள் கோயில் வாசலில் தலைகுனிந்து நிற்பேன், மச்சான். காகிதக் கோலை இம்முறை வலப்பக்கம் மடித்து நானே கொண்டுவருவேன்.