கல்தா கொடுக்க முடியாத ஆறு திங்கள்

வேலைக்கு ஆள் சேர்ப்பதில் வல்லவர்கள் இம்மாநகரில் ஆயிரவர் உண்டு. ஆளை நீக்குவதை ஒரு நுண்கலையாகவே வளர்த்தெடுத்தவர், மந்தைவெளியில் மாறுவேட உடைகளை வாடகைக்கு விடும் கடைக்காரர் ஒருவரே. ஒருவரைப் பணியிலிருந்து விரட்டுவதைச் சென்னையில் ‘கல்தா கொடுப்பது’ என்பர். அச்சொல்லின் வேரைத் தேடி அகராதிகளில் நான் அலைந்ததுண்டு. வேர் அகப்படவில்லை; அதன் உருவம் மட்டும் எங்கள் தெருமுனையில் அரைக்கைச் சட்டையணிந்து நாள்தோறும் அமர்ந்திருந்தது. எல்லாரும் அவரைக் கல்தா என்றே வழங்கினர். பெற்றோர் இட்ட பெயரை அவர்தம் மனைவியார் அறிந்திருக்கக்கூடும்.

அவர் கடையில் புலி உண்டு, மயில் உண்டு, கத்திரிக்காய் உண்டு, போக்குவரத்துக் காவலர் உண்டு. ஊழியர்தாம் இல்லை. ஒருவர் மன்னர் கிரீடத்தின் எதிரே தும்மினார், சென்றார். இன்னொருவர், பருத்த சிறுவன் ஒருவனின் தந்தையிடம், “புலி வேணாம் சார், பையனுக்குக் கத்திரிக்காதான் எடுப்பா இருக்கும்” என்று உண்மையை உரைத்தார், அவரும் சென்றார். நேர்காணலுக்கு வந்த ஒருவர் களைப்பில் அரியணைமீது அமர்ந்துவிட, சேருமுன்னரே நீக்கப்பட்டார். யாவற்றுக்கும் உச்சமாக, நீக்கப்பட்ட ஓர் இளைஞர் மறுநாள் தம் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துப்போக வந்தபோது, கல்தா ஆள் அடையாளம் தெரியாமல் அவரையே புதிதாகச் சேர்த்துக்கொண்டு, உச்சிவேளைக்குள் மறுபடியும் நீக்கினார்.

இத்தகையவர் செவியில்தான் அந்த அரசுத் திட்டம் விழுந்தது. அடையாற்றிலிருந்து வரும் அவருடைய தணிக்கையாளர் ஒருநாள் ஸ்கூட்டரை நிறுத்தாமலே சொன்னார்: “வேலை இல்லாத பசங்களைப் புதுசா வேலைக்கு வெச்சிண்டா முதலாளிக்கு கவர்ன்மென்ட் ஊக்கத்தொகை தரது சார். முதல் வேலையா இருக்கணும். ஆறு மாசம் விடாம வெச்சிண்டிருக்கணும். மத்த கண்டிஷனெல்லாம் அப்புறம் போன்ல சொல்றேன்.”

‘விடாமல் வைத்திருத்தல்’ என்ற பகுதி கல்தாவின் மனத்தில் பதிந்ததாகத் தெரியவில்லை. ஊக்கத்தொகை என்பது நன்கு பதிந்தது.

வந்தவள் கௌசல்யா. ஆற்றோரத்தில் பல்லாண்டு குடியிருந்து, பின்னர்ப் பெரும்பாக்கத்து அடுக்ககத்துக்குக் குடியேற்றப்பட்ட குடும்பத்தவள். தந்தை சுவருக்கு வண்ணம் பூசுபவர்; முழங்கால் நோவு முற்றியதால் சாரம் ஏற இயலாமற் போனார். பட்டம் பெற்றும் முன் அனுபவம் இல்லை என்ற ஒரே காரணத்தால் அவளை எல்லாரும் திருப்பியனுப்பிக்கொண்டிருந்தனர். அந்நேர்காணலின்போது நான் அருகிருந்தேன். ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியனுக்கு மாலைவேளையில் நாளிதழ் படிக்க அக்கடை நாற்காலியைக் காட்டிலும் உகந்த இடம் இல்லை.

“இதுக்கு முன்னால எங்க வேலை பாத்தே?”

“எங்கயும் இல்ல சார்.”

“ஒரு எடத்துல கூடவா?”

“சத்தியமா இல்ல சார்,” என்றாள் அவள், எழுந்து போக ஆயத்தமாகி.

“பலே! பி.எஃப். கணக்குகினக்கு ஏதாச்சும்?”

“அதுவும் இல்ல சார்.”

“அட, உக்காரும்மா! புரொபசர் சார், பொண்ணுக்கு ஒரு டீ சொல்லுங்க!”

அனுபவமின்மைக்காக ஒருவர் தேநீர் அளித்துச் சிறப்பிக்கப்பட்டதை நான் முதன்முதலாகக் கண்டது அன்றுதான்.

முதல் வாரத்திலேயே சோதனை வந்தது. கோபாலபுரத்துச் சிறு பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவுக்கு உடைப்பெட்டிகள் போயின. அவற்றுள் இரண்டைக் கௌசல்யா மாற்றி அடுக்கிவிட்டாள். மயிலாக ஆட வேண்டிய சிறுமி, மயில் தோகையும் புலித்தலையுமாக மேடையேறினாள். பள்ளியிலிருந்து செய்தி வந்ததும் கல்தாவின் கழுத்து நரம்புகள் புடைத்தன. வலக்கை உயர்ந்து தெருவைச் சுட்டியது. “நாளையிலேர்ந்து…” என்று தொடங்கியவர், ஆறு திங்கள் நினைவுக்கு வரவே, சாலையில் பிரேக் போட்ட பேருந்து போல உடல் குலுங்க நின்றார். அத்தருணத்தில் அவர் கைப்பேசி ஒலித்தது. தணிக்கையாளர்.

“சார், அந்த ஊக்கத்தொகை விஷயமா இன்னொரு கண்டிஷன்…”

“யோவ்! நாளையிலேர்ந்து நீ எனக்கு வேணாம்யா! வேற ஆடிட்டரைப் பாத்துக்கறேன்!”

பேசியை வைத்தார், முகம் மழை ஓய்ந்த வானம் போலத் தெளிந்தது. புலித்தலை மயிலுக்கு, வனவளத்தைப் புதுமையாகப் புலப்படுத்தியமைக்காக இரண்டாம் பரிசு கிடைத்ததென்று மாலையில் தெரியவந்தது. அதற்குள் தணிக்கையாளர் போய்விட்டார். மானமுள்ள மனிதர், திரும்பவும் அழைக்கவில்லை.

அன்றுமுதல் கல்தா ஒரு புதிய நெறியைக் கைக்கொண்டார். கௌசல்யா பிழை செய்வாள். வேறு யாரேனும் நீக்கப்படுவர். கத்திரிக்காயின் காம்பு ஒடிந்தபோது தேநீர்க்காரர் நீக்கப்பட்டார். காவலர் தொப்பி காணாமற் போனபோது தண்ணீர்க் கேன் கொண்டுவருபவர் நீக்கப்பட்டார். சிறகு கிழிந்த கிளியின் பொருட்டு அவருடைய மைத்துனரே நீக்கப்பட்டார். அவர் தீபாவளிக்கு அழைக்க வந்திருந்தார்.

என் முறையும் வந்தது. மன்னர் அங்கியைக் கௌசல்யா சலவை இயந்திரத்தில் இட, ஜிகினா முழுவதும் உதிர்ந்து, சோழ நாட்டு வேந்தன் அரிசி ஆலைத் தொழிலாளி போல வெளிப்பட்டான். கல்தா நடுங்கினார். அவளைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“புரொபசர் சார்! நீங்க நாளையிலேர்ந்து வராதீங்க!”

“ஐயா, நான் தங்களிடம் பணியில் இல்லையே?”

“அதனால இன்னா? வராதீங்கன்னா வராதீங்க!”

பல்கலைக்கழகத்தில் முப்பதாண்டு பணியாற்றியபோதும் கிட்டாத அனுபவத்தோடு வீடு திரும்பினேன். மறுநாட் காலை என் வாயிலில் கௌசல்யா நின்றாள்.

“சார், நீங்க சாயங்காலம் எப்பவும் போல வாங்க சார். அவரு உங்களத் திட்டல. என்னியத்தான் திட்டினாரு. நடுவுல நீங்க குந்திக்கினு இருந்ததால உங்க மேல பட்டுச்சு.”

இவ்வாறே அவள் தேநீர்க்காரரிடம் போனாள். தண்ணீர்க் கேன்காரரிடம் போனாள். மைத்துனர் வீட்டுக்கும் போய்த் தீபாவளிப் பலகாரத்தோடு திரும்பினாள். கல்தா மாலையில் நீக்கியவர்களையெல்லாம் இவள் காலையில் சேர்த்துக்கொண்டாள். நீக்கப்பட்டவர்கள் மீண்டும் எதிரே நடமாடுவதைக் கல்தா கண்டும் காணாதவர் போல இருந்தார்.

ஒருநாள் அவர் இல்லாதபோது அவளைப் பாராட்டினேன். அவள் மயில்தோகையைக் கோதியபடியே சிரித்தாள்.

“ஆறு மாசந்தான் சார் எனக்கு கேரன்ட்டி. கவர்மென்ட்டுத் துட்டு கைக்கு வந்த மறுநாளு எனக்கும் கல்தாதான். எங்க வூட்ல மாசம் தவறாம வர்றது இந்தச் சம்பளம் ஒண்ணுதான் கீது. அதான், அதுக்குள்ள தொழிலையாச்சும் கத்துக்கலாம்னு.”

கற்றுக்கொண்டாள். உடைகளையெல்லாம் படம்பிடித்துப் பள்ளிகளுக்குக் கைப்பேசி வழியே அனுப்பினாள். கொட்டிவாக்கத்திலிருந்தெல்லாம் உடை கேட்டு வந்தனர். பிழைகள் அருகின. நீக்குவதற்குக் காரணம் கிட்டாமல் கல்தா சில வேளை சோர்ந்து காணப்பட்டார்.

ஆறு திங்கள் நிறைந்தது. கல்தா மானத்தை விட்டுத் தணிக்கையாளரை அழைத்தார். அவர் மாலையில் நேரில் வந்தார். கௌசல்யாவின் கதி என்னாகும் என்று காண, தேநீர்க்காரரும் தண்ணீர்க் கேன்காரரும் நானும் கடையில் கூடிவிட்டோம்.

“உங்களுக்கு ஊக்கத்தொகை வராது சார்,” என்றார் தணிக்கையாளர். “சின்ன கடைன்னா புதுசா ரெண்டு பேரை எடுத்திருக்கணும். ஒருத்தரை வெச்சா செல்லாது. அன்னிக்கே போன்ல சொல்லத்தான் வந்தேன். நீங்கதான் என்னைத் துரத்திட்டேளே!”

கிடைக்காத தொகைக்காக ஆறு திங்கள் கோபத்தை விழுங்கிய ஒரு மனிதர் எங்கள் முன் நின்றிருந்தார். அவளைக் காத்த வேலி சரிந்துவிட்டது. கௌசல்யா தன் சாப்பாட்டுப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“நான் கெளம்பட்டா சார்?”

கல்தாவின் கழுத்து நரம்புகள் புடைத்தன. வலக்கை உயர்ந்து தெருவைச் சுட்டியது. தேநீர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

“நாளையிலேர்ந்து…” என்று முழங்கினார் கல்தா. “நாளையிலேர்ந்து தனியா வராதே! இன்னொரு பொண்ணைக் கூட்டிக்கினு வா! ரெண்டு பேர் வேணும்னு கவர்மென்ட்டு சொல்லுதுல்ல? நீ பாட்டுக்குப் பையை மாட்டிக்கினு கெளம்பினா மறுபடியும் ஒருத்தர் கொறையும்! வை பையை!”

கௌசல்யா பையை வைத்துவிட்டு மயிலின் பின்னே போய் நின்றுகொண்டாள். தோகை மட்டும் சற்று நேரம் குலுங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் அதே அடுக்ககத்திலிருந்து தையல் தெரிந்த நஸ்ரீனை அழைத்துவந்தாள். மன்னர் அங்கிக்கு மீண்டும் ஜிகினா ஏறியது.

தணிக்கையாளர் வந்த அந்த மாலையில், அவரை வழியனுப்ப ஸ்கூட்டர்வரை நடந்திருந்தேன். “இனியேனும் அவருக்கு ஊக்கத்தொகை கிட்டுமல்லவா?” என்று வினவினேன்.

“எங்கே சார்? புதுசா ஆள் சேர்க்கறதுக்கான கெடு போன மாசமே முடிஞ்சுடுத்து.”

“அடடா! அதனை அவரிடம் சொல்லவில்லையா?”

“காலம்பற போன்லயே எல்லாத்தையும் சொல்லிட்டேன். ‘சாயங்காலம் வந்து ரெண்டு பேர் கணக்கை மட்டும் எல்லார் எதிர்லயும் சொல்லு, கெடுவைப் பத்தி வாயைத் தொறந்தே, மறுபடியும் உனக்குக் கல்தா’ன்னுட்டார்.”

கௌசல்யாவும் நஸ்ரீனும் இன்றும் அங்கேதான் பணியாற்றுகின்றனர். இரக்கத்தால் ஆள் வைத்திருக்கிறார் என்ற பெயர் பரவினால் தம் புகழ் அழிந்துவிடும் என்று கல்தா அஞ்சுகிறார் போலும். இக்கதை வெளிவரும் இவ்விதழை வாங்குவதைக்கூட அவர் சென்ற வாரம் ஏதோ கோபத்தில் நிறுத்திவிட்டார். அத்துணிவில்தான் இதை எழுதுகிறேன். யார் கேட்டாலும், “கவர்மென்ட்டு துட்டு குடுக்குது, நான் வெச்சிக்கினு கீறேன், எனக்கு இன்னா நஷ்டம்?” என்று தெருவெல்லாம் கேட்க உரைக்கிறார். அப்போதெல்லாம் நான் நாளிதழைத் தாழ்த்தி, மிக நல்ல திட்டம்தான் என்று ஆமோதிக்கிறேன்.