நான் தேர்ந்தெடுத்த பாம்பு

எதையும் எண்ணத் தெரிந்தவனுக்கு எதையும் தேர்ந்தெடுக்கத் தெரியும் என்று ஒரு நினைப்பு உண்டு. முப்பத்து நான்கு வருடம் கல்லூரியில் புள்ளியியல் நடத்திய எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே உண்டு. தர்பூசணியை நான்தான் தட்டிப் பார்த்து எடுப்பேன். மாப்பிள்ளையையும் நானே பார்த்து எடுத்தேன். 2005இல் கலிபோர்னியாவில் ஒரு பாம்பையும் எடுத்தேன்.

என் மகள் நஸ்ரீனும் மாப்பிள்ளை ரியாஸும் அப்போது சன்னிவேலில் இருந்தார்கள், ஓய்வு பெற்ற நானும் அவர்களோடு. மாப்பிள்ளை தங்கம். கம்ப்யூட்டர் வேலை. பெரியவர்கள் பேசினால் குறுக்கே ஒரு வார்த்தை வராது. ஒரே ஒரு பழக்கம்தான், கராஜில் மலைப்பாம்பு வளர்ப்பார். (சிகரெட் உண்டா, குடி உண்டா என்று திண்டுக்கல் முழுக்க விசாரித்தேன். பாம்பு உண்டா என்று கேட்கத் தோன்றவில்லை.) பால் பைத்தான் என்ற ஆப்பிரிக்க வகை. விஷம் கிடையாது. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும். பார்த்த அன்று நானும் ஏறக்குறைய அப்படித்தான் ஆனேன்.

அவரிடம் ஒரு பெண் பாம்பு இருந்தது. ஓர் ஆண் வாங்கிக் குட்டி எடுக்க வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. நஸ்ரீன் நிபந்தனையோடு சம்மதித்தாள். "ஒரே ஒரு தடவை. அதுல ஏதாவது ப்ராப்ளம் வந்துச்சுன்னா பாம்பெல்லாம் வெளியே, என் கார் உள்ளே." மாப்பிள்ளைக்கு உலகத்தில் இருந்த ஒரே பொழுதுபோக்கு இப்படி ஓர் ஆண் பாம்பின் கையில் (கை எங்கே இருக்கிறது) போய் நின்றது.

ஒரு சனிக்கிழமை பாம்புச் சந்தைக்குப் புறப்பட்டார். நானும் போனேன். (யாரும் கூப்பிடவில்லை.) பெரிய மண்டபம், மேசை மேசையாகப் பிளாஸ்டிக் டப்பாக்கள், டப்பாவுக்கு ஒரு பாம்பு. மாப்பிள்ளை ஒரு பழுப்புப் பாம்பைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அம்மிக் குழவி மாதிரி கிடந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த மேசையில் தேன் நிறத்தில், சிலந்தி வலை போலக் கறுப்புக் கோடுகள் ஓடிய ஒன்று இருந்தது. அந்த வகைக்கே ஸ்பைடர் என்றுதான் பெயராம். குனிந்து, "என்னப்பா, எங்ககூட வர்றியா?" என்றேன். தலையை ஆட்டியது. மறுபடி கேட்டேன். மறுபடி ஆட்டியது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்குப் பதினான்கு முறை. மண்டபத்தில் மற்ற பாம்புகள் எல்லாம் பூஜ்யம். ஒரு புள்ளியியல் ஆசிரியனுக்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "மாமா, இந்த டைப்ல ஒரு சின்ன..." என்று ஆரம்பித்தார்.

"புத்திசாலி டைப்பு. அதுதானே சொல்ல வந்தீங்க?"

மாப்பிள்ளை மெதுவாகத் தலையை ஆட்டினார். (பெண் பார்க்க வந்த அன்றும் என் ஒன்பது கேள்விகளுக்கும் இப்படித்தான் ஆட்டினார். அதைப் பார்த்துத்தான் பெண்ணையே கொடுத்தேன்.)

வீட்டுக்கு வந்த பிறகு அந்தப் பாம்பு எலியைக் கொத்தப் பாய்ந்தால் டப்பாவின் சுவரைக் கொத்தும். சில நேரம் கழுத்தைத் திருகிக்கொண்டு தலைகீழாக நம்மைப் பார்க்கும். யோகா செய்கிறது என்று எல்லோரிடமும் சொன்னேன். மறு வருடம் ஆறு முட்டை வந்தது. மூன்று குட்டி அப்பனைப் போலப் பிறக்கும் என்று கணக்குச் சொன்னேன். அப்படியே மூன்று பிறந்தன, மூன்றும் தலையை ஆட்டிக்கொண்டே. மற்ற மூன்றும் அம்மாவைப் போல வெறும் பழுப்பு. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாப்பிள்ளையைக் கேட்காமலே மூன்று குடும்பங்களுக்கு ஆளுக்கு ஒரு குட்டி என்று வாக்குக் கொடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கும் அழைத்துவிட்டேன்.

வந்தவர்களில் மில்பிடாஸிலிருந்து டாக்டர் ஹசீனாவும் ஒருவர். நரம்பியல் டாக்டர். நான் மூடியைத் திறந்தேன். மூன்று தலைகளும் ஆடின. "எல்லாருக்கும் ஸலாம் சொல்லுது பாருங்க" என்றேன். அதே நேரம் ஒன்று வானத்தைப் பார்த்து நிமிர்ந்து, அப்படியே மல்லாக்க விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. விழுந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார். அது நேராகத் திரும்பத் தெரியாமல் முறுக்கிக்கொண்டு கிடந்தது.

"அங்கிள், இதோட ஃபாதருக்கும் இந்த மாதிரி இருக்கா?"

"இருக்காவா? அவன் நிமிஷத்துக்குப் பதினாலும்மா. இதுங்க இப்பதான் ஒன்பது, பத்து. வளர வளரப் பிடிச்சிரும்."

பிறகு டாக்டர், என் மனம் நோகாத குரலில், இது நரம்புக் கோளாறு போலிருக்கிறது, எது மேல் எது கீழ் என்று அதற்கே தெரியவில்லை என்றார். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். இந்த நிறமும் இந்த ஆட்டமும் ஒன்றாகத்தான் வருமாம், அப்பனிடமிருந்து பிள்ளைக்கு. நிறத்தை மட்டும் தனியாக எடுக்க முடியாதாம். சந்தையிலேயே அவருக்குத் தெரியுமாம்.

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"ஆசையா எடுத்தீங்களே மாமா."

மானம் போனது போகட்டும், வாக்காவது மிஞ்சட்டும் என்று அவர் காதோரம் குனிந்தேன். குறைவாக ஆட்டுகிற நேரமாகப் பார்த்துக் கொடுத்துவிடலாம் என்றேன்.

"வேணாம் மாமா."

பேசியது வேறு யாரோ என்று திரும்பிப் பார்த்தேன்.

"இது மூணையும் யாருக்கும் தர மாட்டேன். அவங்க ஜோடி சேர்த்தாங்கன்னா இன்னும் நாலு இப்படிப் பிறக்கும். அப்பனையும் இனிமே சேர்க்கப் போறதில்ல. நல்லா இருக்கிற பழுப்புக் குட்டிங்களை வேணும்னா எடுத்துக்கட்டும்."

ஐந்து வருடத்தில் அவர் என்னிடம் இவ்வளவு நீளமாகப் பேசியதில்லை. நஸ்ரீன் கரண்டியோடு வந்து நின்றாள். அடுத்து அவள் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பாம்பெல்லாம் வெளியே. ஆனால் அவள் பாம்புகளைப் பார்க்கவே இல்லை. புருஷனைத்தான் பார்த்தாள்.

"எங்க அத்தாகிட்ட என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க." (அவளுக்கு அத்தா என்றால் அப்பா, அதாவது நான்.)

"வேணாம்னு சொன்னேன்."

சிரித்துச் சிரித்து அவளால் நிற்க முடியவில்லை, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பாம்பு இருக்கட்டும்" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "என் கார் வெயில்லயே நிக்கட்டும்."

பழுப்புக் குட்டிகள் மூன்றும் விருந்தாளிகளோடு போயின. அப்பனும் அவன் மூன்று பிள்ளைகளும் தங்கினார்கள். குறி தவறுகிறவர்களுக்கு இடுக்கியால் எலியை வாயருகே கொண்டுபோய்ப் பிடிக்கிற வேலை எனக்கு வந்தது. மாப்பிள்ளைக்கோ அன்று திறந்த வாய் மூடவே இல்லை. நான் பார்த்த சோபா வேண்டாம், நான் பார்த்த வீடு வேண்டாம், அவர் தம்பிக்கு நான் பார்த்த பெண்ணும் வேண்டாம்.

போன மாதம் பல் டாக்டரிடம் என்னை அழைத்துப் போனவரும் அவர்தான். வாயை நிறைத்து என்னென்னவோ கருவிகளை வைத்துவிட்டு, வலிக்கிறதா என்று டாக்டர் கேட்டார். பேச வழியில்லை, பலமாகத் தலையை ஆட்டினேன். மாப்பிள்ளை டாக்டரிடம் சொன்னார்: "அதையெல்லாம் பதிலா எடுத்துக்காதீங்க டாக்டர். எங்க குடும்பத்துல தலையாட்டினா அர்த்தமே கிடையாது."