ரசம் சிந்தாத பாதை

கப்பலுக்கு வழிகாட்டத் தூத்துக்குடியில் எத்தனையோ பேர் இருந்தார்கள். சைக்கிள் பழகுகிறவர்களுக்கு வழிகாட்ட ஒரே ஆள்தான். ரசத்தூக்கு அண்ணாச்சி. அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது நினைவிருந்ததா என்பது சந்தேகமே.

எழுபதுகளில் முத்தையாபுரம் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துக்கு, லீவு வேகன்சியில் டீச்சராக நாசரேத்திலிருந்து வந்தேன். டவுனில் குடியிருப்பு. காலை பஸ் தினமும் மணியடித்த பிறகுதான் போய்ச் சேரும். தலைமையாசிரியை குரலை உயர்த்தாமல் சொன்னார்: "திங்கட்கிழமையும் பிந்துனீங்கன்னா, அப்படியே நாசரேத் பஸ் ஏறிரலாம்." என் சம்பளத்தில்தான் தம்பியின் படிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

உப்பளத்துக்குள் சைக்கிளில் குறுக்கே போனால் நேரத்துக்குப் போய்விடலாம். ஆனால் நான் சைக்கிள் பழகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. உப்பளமோ வரப்பும் பாத்தியுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒரே மாதிரி கிடந்தது. எந்த வரப்பு எங்கே போகும், எது காலை வாரும் என்று யாருக்குத் தெரியும்?

"அண்ணாச்சியக் கேக்காம சைக்கிள வெளிய எடுக்காதீங்க" என்று தெருவே எச்சரித்தது. அண்ணாச்சி எனக்கு அடுத்த வீட்டுக்காரர்தான். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர்.

அவருடைய முறை எளிமையானது. மூடியில்லாத தூக்குச்சட்டி நிறைய ரசத்தை ஹேண்டில்பாரில் தொங்கவிட்டு, பாதையை முதலில் தானே ஓட்டிப் பார்ப்பார்.

"சொட்டு சிந்தலன்னா அரிச்சுவடி. பாதி சிந்துனா அஞ்சாங் கிளாஸ். தூக்கே கீழ விழுந்துட்டுன்னா பி.ஏ. நீங்க எதுவரைக்கும் படிச்சிருக்கிய டீச்சர்?"

"பி.எஸ்ஸி., பி.டி."

"சைக்கிள்ல கேட்டேன்."

அரிச்சுவடி என்று ஒப்புக்கொண்டேன்.

தண்ணீரை ஊற்றினால் ஆகாதா என்று கேட்டேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தண்ணி காஞ்சிரும். ரசம்னா கருவேப்பிலை கிடக்கும்லா? அது கிடக்க எடத்துல பள்ளம்னு அர்த்தம்."

அவர் மனைவி அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார். "வீட்டுல சோத்துக்கு ரசம் கிடையாது டீச்சர். எல்லாம் வரப்புதான் குடிக்கி!"

ஞாயிற்றுக்கிழமை நான் கோயிலுக்குப் போய்விட்டு வருவதற்குள், அண்ணாச்சி உப்பளத்தை அலசிவிட்டு வந்திருந்தார். சட்டையில் மட்டும் பி.ஏ. வரை படித்த ரசக்கறை தெரிந்தது. கடைசியில் ஒரு வரப்பு தேறியிருந்தது. "கண்ண மூடிக்கிட்டுப் போலாம்" என்றார்.

"வழியில நிறுத்தணும்னா எப்படி நிறுத்த அண்ணாச்சி? எனக்கு இன்னும் எறங்க வராது."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "நிறுத்துத மாதிரி ஒரு பாதைய உங்களுக்கு நான் குடுப்பனா?"

திங்கட்கிழமை அந்த வரப்பில் சைக்கிள் வழுக்கிக்கொண்டு போனது. எனக்கே என்மீது ஒரு மரியாதை வந்தது. பாதி தூரத்தில் எதிரே பார்த்தால், தலையில் உப்புக் கூடைகளோடு பெண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை உப்பளத்துக்கு லீவு என்பது அண்ணாச்சியின் கணக்கில் வரவே இல்லை.

"ஏளா, ஒதுங்குங்க! டீச்சர் நிறுத்த மாட்டாவ போலுக்கு!" என்று முன்னால் வந்தவள் கத்தினாள். ஒதுங்க அவர்களுக்கு ஏது இடம்? நான்தான் ஒதுங்கினேன், சைக்கிளோடு பாத்திக்குள்.

கூடைகளை இறக்கிவிட்டு நாலைந்து பேராகத் தூக்கிவிட்டார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் கிடந்தா ஊறுகாயா ஆயிருப்பிய" என்றாள் ஒருத்தி. நான் நேரமாகிறது என்று அழுததும், என்னைச் சைக்கிளில் உட்காரவைத்து, முன்னும் பின்னும் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசல் வரை தள்ளிக்கொண்டே ஓடினார்கள்.

மணியடிக்கக் கம்பியைக் கையில் எடுத்தபடி தலைமையாசிரியை நின்றிருந்தார். வெயிலில் என் சேலை காய்ந்து உப்புப் பூத்துக்கொண்டிருந்தது. மேலும் கீழும் பார்த்தார். "இன்னைக்கு நேரத்துக்கு வந்துட்டீங்க" என்று சொல்லிவிட்டு மணியை அடித்தார்.

சாயங்காலம் அண்ணாச்சியிடம் கொட்டித் தீர்த்தேன். அடிபட்டதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எந்தப் பக்கம் விழுந்திய? இடமா, வலமா?" என்று மட்டும் விசாரித்துவிட்டு எழுந்து போய்விட்டார். மனுஷனா இவர் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மறுநாளும் அதே வழியில் போனேன். வரப்பு காலியாக இருந்தது. அடுத்த வரப்பில் சுற்றிப் போய்க்கொண்டிருந்த பெண்களில், என்னை ஊறுகாய் என்றவள் கையாட்டினாள்.

"நீங்க போங்க டீச்சர்! பள்ளிக்கூடம் போற நேரத்துக்கு நாங்க இங்கனயே சுத்திப் போய்க்கிடுதோம். ஒங்க அண்ணாச்சி நேத்து வீடு வீடா வந்து கையெடுத்துக் கும்பிட்டுட்டுல்லா போனாவ!"

அதைப் பற்றி அவர் என்னிடம் கடைசி வரை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அழுதிருப்பேன்.

வேலை நிரந்தரமாயிற்று, தம்பியும் படித்து முடித்தான். பிறகு எத்தனையோ ஊர்களுக்கு மாற்றலாகிப் போனேன். எல்லாம் நல்ல தார் ரோடுதான். எனக்கு முன்னால் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வர மட்டும் ஆளில்லை.