நிழல் திருடனை நான் பிடித்த கதை

முப்பது வருஷம் மிச்சிகன் காடுகளில் வனக்காவலனாக இருந்தவன் நான். பனியில் ஒரு காலடித் தடம் போதும். மானைத் திருட்டுத்தனமாகச் சுட்டவன் யார், வீட்டில் யாரோடு சண்டை போட்டுவிட்டு வந்தான் என்பதுவரை சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட வெஸ்லி நியெமியால் ஒரு சிறுவர் நாவலில் திருடனைப் பிடிக்க முடியவில்லை. எழுதியவள் என் மனைவி மார்லிஸ்.

பள்ளி நூலக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் எழுத உட்கார்ந்தாள். பழைய தேவதைக் கதைகளில் வருகிறவர்கள், கதை முடிந்தபின் குடியேறிய ஒரு கிராமம். அங்கே ஒவ்வொருவராக நிழலை இழக்கிறார்கள். முதலில் ஓநாய். பிறகு மாற்றாந்தாய். பிறகு அரக்கன். அரக்கனின் நிழல் காணாமல் போன அன்று, அதுவரை அதன் இருட்டில் கிடந்த வயலில் வெயில் விழுந்து, நூறு வருஷம் உறங்கிய விதை முளைக்கிறது. வாத்து மேய்க்கும் சிறுமி ஒருத்தி துப்புத் துலக்குகிறாள்.

தினம் சாப்பாட்டுக்குப் பின் ஒரு அத்தியாயம் வாசிப்பாள். நாற்பது வருஷமாக என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவளுக்குள் இப்படி ஒரு காடு இருந்ததா என்று வாயைப் பிளந்து கேட்பேன். கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டாள்.

“ஒரு வாரம் டயம். திருடன் யாருன்னு சொல்லு. நீயே கண்டுபிடிச்சா பத்து வயசுப் பிள்ளையும் கண்டுபிடிச்சிடும். கதையை அடுப்புல போட்டுடறேன்.”

“கண்டுபிடிக்கலைன்னா?”

“உன் கொட்டகை எனக்கு. உட்கார்ந்து எழுத ஒரு இடம் வேணும்.”

கொட்டகையில்தான் என் படகு, என் தூண்டில்கள், என் சுதந்திரம் எல்லாம் இருந்தன. ஜெயித்துவிட்டு, கதையை எரிக்காதே என்று பெருந்தன்மையாக மன்னிப்பதாகத் திட்டம்.

ஆறு நாள் யோசித்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. ஏழாம் நாள் காலை, தேவாலயத்து மீன் விருந்துக்குக் காய் நறுக்கப் போவதாகச் சொல்லி, பக்கத்து வீட்டு டோலரஸோடு கிளம்பினாள். நிலவறைப் படியில் மாவு படிந்த செருப்புத் தடம் ஒன்று கண்ணில் பட்டது. தடம் பார்த்தே வாழ்ந்தவன் தடம் புரண்டது அங்கேதான். அது நேராக ஃப்ரீசருக்குப் போனது. மான் இறைச்சிக்கு அடியில் கடைசி அத்தியாயம். நாற்பது பக்கம். கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, விரல் விறைக்க விறைக்கப் படித்தேன். திருடன் விறகுவெட்டி.

மதியம் டோலரஸும் சாப்பிட வந்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, கோடரி, சுள்ளி, காலடி என்று ஆதாரங்களை அடுக்கி, விறகுவெட்டிதான் என்றேன்.

“இருபது அத்தியாயத்துல விறகுவெட்டியே வரலையே, வெஸ்லி,” என்றாள் மார்லிஸ்.

டோலரஸ் சூப்பைப் பார்த்துச் சிரித்தாள். மார்லிஸ் கைப்பையிலிருந்து வேறு நாலு பக்கங்களை எடுத்து வாசித்தாள்.

திருடியது மாற்றாந்தாயின் நிலைக்கண்ணாடி. அதன் முன்னால் நின்றவர்கள் எல்லாரும் தங்களையே பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். யாராவது தன்னோடு தங்கட்டும் என்று அது நிழல்களைப் பிடித்து வைத்துக்கொண்டது. சிறுமி அதை உடைக்கவில்லை. ஆற்றங்கரைக்குச் சுமந்துபோய், வானத்தைப் பார்க்கப் படுக்க வைக்கிறாள். நிழல்கள் ஒவ்வொன்றாக எழுந்து வீடு திரும்புகின்றன. கண்ணாடிக்குள் முதன்முதலாக ஒரு வாத்துக்கூட்டம் பறக்கிறது.

மூச்சு விட்டால் வாத்துகள் கலைந்துவிடுமோ என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். சூப் ஆறிப்போனது. தோற்றதே ஞாபகம் இல்லை. இதை எழுதியவளுக்குக் கொட்டகை என்ன, கோட்டையே கொடுக்கலாம் என்று தோன்றியது. சாயங்காலத்துக்குள் காலி செய்துவிடுகிறேன் என்றேன்.

“வேண்டாம்,” என்றாள் மார்லிஸ். “நீ கீழே படிச்சிட்டு இருந்தப்பவே நானும் டோலரஸும் காலி பண்ணிட்டோம். அந்தப் பொய் அத்தியாயத்தை முதல்ல இருபது பக்கம்தான் எழுதினேன். படகை நகர்த்த அது பத்தாதுன்னு டோலரஸ் சொன்னா.”