பஞ்சநதம் சார் கொடுத்த டர்போ விளக்கம்

பதினெட்டாம் பெருக்குக்கு வேதாரண்யம் போகவே கூடாது என்று குத்தாலம் பஞ்சநதம் சார் முடிவு கட்டிவிட்டார். மனுஷன் பிளஸ் டூவுக்கு இயற்பியல் நடத்துகிறவர். ஆனால் வேதாரண்யத்தில் இருக்கும் மனைவியின் அண்ணன் அரசப்பன் முன்னால் மட்டும் அவர் பேச்சு எடுபடாது. போன தடவை உச்சி வெயிலில் உப்பளத்து வரப்பில் நடக்கவிட்டு, உப்பு விளையும் கதையை மூணு மணி நேரம் சொன்னார் அரசப்பன். சாருக்குக் கழுத்துத் தோல் உரிந்தது. இந்த வருஷமோ அரசப்பன் மகள் புதுப்பெண்; தாலி பிரித்துக் கோர்க்கிறார்கள், போயே ஆகணும் என்கிறாள் மனைவி அம்சவல்லி.

முந்தின நாள் காலையில் காரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்த சார், முகத்தை இழவு வீட்டுக்காரர் மாதிரி வைத்துக்கொண்டார்.

"அம்சா, கார் இழுக்கல. டர்போ போச்சு."

"அப்படின்னா?"

கேட்டிருக்கக் கூடாது. சாருக்குக் குஷி பிறந்துவிட்டது.

"என்ஜினுக்குள்ள காத்தை அழுத்தித் தள்ற விசிறி. நிமிஷத்துக்கு லட்சம் சுத்து சுத்தும்!"

"ஜெய்னுலாபுதீன் பாயைக் கூப்பிடுங்க. மெக்கானிக்குக்குத் தெரியாதா? மத்தியானத்துக்குள்ள புதுசு மாட்டிடுவாரு."

சார் திடுக்கிட்டார். இதை அவர் யோசிக்கவே இல்லை.

"அதான் தப்பு! டர்போ லேசுல கெடாது. என்ஜின் கெட்டுத்தான் அதைக் கெடுக்கும். ஆயில் கசடாகிக் குழாய் அடைச்சா, டர்போ ஆயில் இல்லாமச் சுத்தித் தேஞ்சிடும். வால்வு உடைஞ்சா, துண்டு புகையோட பறந்து வந்து விசிறியைச் சிதைச்சிடும். என்ஜினைப் பாக்காம புதுசு மாட்டினா அதுவும் ஒரே வாரத்துல காலி."

"அப்ப என்ஜினையே பிரிக்கணுமா?"

"பின்னே? பத்து நாள் ஆகும்."

"அடப் பாவமே" என்று போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள் அம்சவல்லி. அப்பாடா என்று சார் நாற்காலியில் சாய்ந்து காபி குடித்தார்.

அரை மணியில் வாசலில் இழுவை வண்டி வந்து நின்றது. ஜெய்னுலாபுதீன் சங்கிலியோடு இறங்கினார்.

"அக்கா எல்லாம் சொன்னாங்க சார். என்ஜினை இறக்கி அக்கக்காப் பிரிச்சிடலாம்."

வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகாத கார். அதைத் துடைக்கிற துணியைக்கூட இன்னொருவர் துவைக்க விடமாட்டார். ஒரு கோளாறும் இல்லாத என்ஜினைப் பிரிப்பதா?

"இருங்க பாய், ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பாக்குறேன்."

கார் உடனே கிளம்பியது. தெருமுனை வரை பறந்துபோய்த் திரும்பியது. ஜெய்னுலாபுதீன் குனிந்து காது கொடுத்துக் கேட்டார்.

"புகை இல்ல, சத்தம் இல்ல. டர்போ ஜம்முனு இருக்கு சார்."

சார் தலையைத் தொங்கப் போட்டார். "சரி அம்சா, நாளைக்கு வேதாரண்யம் போவோம்."

"அங்க எதுக்குங்க? கார் இல்லேன்னதும் அண்ணன்கிட்ட பேசிட்டேன். காவிரி நம்ம ஊர்லதானே ஓடுது, தாலிக் கயிறை இங்கயே மாத்திக்கலாம், என்ஜின் வேலை முடியுற பத்து நாளும் இவருக்குத் துணையா இருங்கன்னு சொல்லிட்டேன்."

"பத்து நாளா!"

"ஆமாங்க. குடும்பத்தோட பஸ்லயே வந்துடுறேன்னாரு, பாவம்" என்றாள் அம்சவல்லி, கொஞ்சமும் சிரிக்காமல். "இப்பதான் கார் சரியாயிடுச்சே. அண்ணன் வீட்டுப் பதினோரு பேரையும் மூணு நடையா நீங்களே போய் அழைச்சிட்டு வந்துடுங்க."